ஏரிக்குள் போன ஆட்டுக்கற்கள்

அற்புதசாமி கேட்டதும் எங்கள் ஊரில் இருபத்தேழு வீடுகள் ஆட்டுக்கல் கொடுத்தன. மிக்சி வந்த பிறகு கொல்லையில் கிடந்தவைதான். ஏரி தூர்வாரியபோது மேற்குப் பக்கம் சுண்ணாம்புப் பாறையில் ஒரு பிளவு வெளிப்பட்டது. மாட்டுவண்டிச் சக்கரம் அளவு இருக்கும். வருஷா வருஷம் தை பிறக்குமுன் ஏரி வற்றுவது இதனால்தான் என்று கண்டுபிடித்தவர் அவர். போன தண்ணீர் எங்கே வெளிவருகிறது என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

புள்ளம்பாடிக்குக் கிழக்கே தோண்டும் இடமெல்லாம் இந்தப் பாறைதான். அதைத் தண்ணீர் கரைக்கும் என்பதைத் திருச்சிக்குப் போய் மூன்று வருஷம் படித்துத் தெரிந்துகொண்டேன். அற்புதசாமி எட்டாம் வகுப்போடு நின்றவர். கற்களை உள்ளே இறக்கி, இடுக்கில் களிமண் திணித்து, நடுவில் மிஞ்சிய ஓட்டையைத் தன் மனைவி டெல்பின் வீட்டிலிருந்து வந்த திருகையின் மேல்கல்லை வைத்து மூடினார். கோயில் கோபுரச் சிலுவைக்கும் ஒற்றைப் பனைக்கும் நேர்கோட்டில், கரையிலிருந்து நாற்பது அடியில் அந்த இடம்.

அந்த வருஷம் மாசிவரை தண்ணீர் நின்றது. அவருடைய ஒன்றரை ஏக்கர் சம்பா நன்றாக விளைந்தது. மாதா திருவிழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அடுத்த கார்த்திகையில் விடாமல் ஆறு நாள் மழை. ஏரி நிரம்பியும், உபரித் தண்ணீர் போகும் கலிங்கு வழியவில்லை. கலிங்கின் மட்டம் மேலத்தெரு வீடுகளின் தரையைவிட உயரம். அத்தனை வருஷமும் அந்தத் தெருவைக் காப்பாற்றியது பாறையின் பிளவுதான் என்று அன்றுதான் தெரிந்தது. அதிகாரிகளுக்கு மனு எழுதியது நான். பதில் வருவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

மேலத்தெருவில் கடைசி வீடு அவருடைய அக்கா அக்னஸுடையது. புருஷன் இல்லை, மண்சுவர். தண்ணீர் வந்த மூன்றாம் நாள் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறியிருந்தது.

"கட்டில் மேல அடுப்பு வச்சிருக்கேன்டா தம்பி. கட்டிலுக்கு மேல என்னத்த வைக்கிறது?" என்றார் அக்னஸ்.

அற்புதசாமி வீட்டுக்கு வந்து வடக்கயிறைத் தேடினார். டெல்பினுக்குப் புரிந்துவிட்டது.

"அதத் தொறந்தா தையில கடைசித் தண்ணி யாரு பாய்ச்சுவா? அண்ணி வீடுதான் வீடுன்னா, நம்ம வயித்துக்கு என்னங்க பேரு?"

"சுவரு விழுந்தா அக்கா நம்ம வீட்லதான் இருப்பா. பரவால்லையா?"

டெல்பின் கயிறு இருந்த மூலையைக் காட்டினார்.

ஊரில் டிராக்டர் வைத்திருந்த பிச்சமுத்து அதைக் கரையில் நிறுத்தினார். ஒரு சாண் இரும்புக்கம்பியின் நடுவில் கயிற்றைக் கட்டிக்கொண்டார் அற்புதசாமி. திருகையின் நடு ஓட்டைக்குள் கம்பியை நெட்டுக்குத்தலாக விட்டால், இழுக்கும்போது அது அடியில் குறுக்கே மாட்டிக்கொள்ளும்.

"நான் கரையேறி துண்டைத் தோள்ல போட்டப்புறம்தான் இழுக்கணும். அதுக்கு முன்னால இழுத்தா கல்லு போன வழியே நானும் போயிருவேன்."

"யோவ் அற்புதம், பொன்னாடையையே போட்டுக்கய்யா. தூரத்துலேருந்து நல்லாத் தெரியும்" என்றார் பிச்சமுத்து.

சிலுவையையும் பனையையும் பார்த்து நின்று முங்கினார். முதல் இரண்டு தடவை வெறும் சேறு. மூன்றாவது தடவை நெடுநேரம் மேலே வரவில்லை. பிச்சமுத்து டிராக்டரிலிருந்து இறங்கிவிட்டார். வந்ததும் அற்புதசாமி கரையேறி, துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

கயிறு விறைத்தது. கல் கரைக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் இடுக்கிலிருந்த களிமண் கரைந்து, அந்த இடத்தில் தண்ணீர் சுழல ஆரம்பித்தது. சாயங்காலம் அக்னஸ் வீட்டுச் சுவரில் ஈரக்கோடு ஒரு சாண் இறங்கியிருந்தது. சுவர் நின்றது.

தையில் ஏரி காய்ந்தது. ஒன்றரை ஏக்கரில் பாதி பதர். டெல்பின் தூற்றும்போது அண்ணி பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் தூற்றினார். அக்னஸும் எதிரே நின்று முறம் பிடித்தார்.

வைகாசியில், ஏரித் தண்ணீரில் வயல் வைத்திருந்த கீழத்தெருக்காரர்கள் அற்புதசாமியிடம் வந்தார்கள், மறுபடி மூட வேண்டும் என்று.

"மூடலாம். மழையெல்லாம் முடியட்டும், மார்கழிக் கடைசியில மூடலாம்."

"இப்பவே மூடிட்டா வேலை முடிஞ்சிரும்ல?"

"மேல்கல்லு அக்கா வீட்டு வாசப்படியாக் கெடக்கு. போய் அவகிட்ட கேட்டு எடுத்துக்கங்க."

இதுவரை யாரும் போய்க் கேட்கவில்லை.