நார்மல்

அருள்மொழி அண்ணாமலை நகரில் வேதியியல் படித்தவள். 2006-இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. முதல் நாளே அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது.

"இதெல்லாம் நார்மல்தாம்மா. போகப்போகப் பழகிடும்" என்றார் மேற்பார்வையாளர் சுப்பிரமணியன்.

பழகித்தான் போயிற்று.

'நார்மல்' என்ற அந்தச் சொல்லை அவள் எங்கெங்கோ கேட்டிருக்கிறாள். ஆய்வகத்தில் அது கரைசலின் செறிவுக்கு ஓர் அளவு. கிளினிக்கில் பிரஷருக்கும், ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கும் அதையே சொன்னார்கள். கம்பெனியிலோ எதைக் கேட்டாலும் அதுதான் பதில். கண் எரிந்தால் நார்மல். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளித்தால் நார்மல்.

கணவன் செந்தமிழ்ச்செல்வன் சிதம்பரத்தில் ஆங்கில வாத்தியார். அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று ஒருநாள் அவனிடமே கேட்டாள்.

"லத்தீன்லேருந்து வந்தது அருளு. நார்மான்னா தச்சன் கோணம் பாக்கிற மூலைமட்டம். அதுக்குப் பொருந்தி நின்னா நார்மல். வழக்கமா இருக்கிறதுங்கிற அர்த்தம்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது."

"அந்த மட்டமே கோணிப்போயிருந்தா, மாமா?"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தாள். செல்வன் ஈரத் துண்டோடு ஓடிவந்து அவள் கையைத் தட்டிவிட்டான்.

"வீடு பூரா கேஸ் நாறுது! உனக்குத் தெரியலியா?"

தெரியவில்லை. ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்து கற்பூரத்தை முகர்ந்தாள், காப்பித்தூளை முகர்ந்தாள். வெறும் காற்றுதான் உள்ளே போனது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "மூக்கு நார்மலாத்தாம்மா இருக்கு."

அன்றோடு வேலையை விட்டாள். வாசனை மட்டும் திரும்பவில்லை.

மறுவருஷம் தீபாவளிக்கு, சிப்காட்டை ஒட்டிய ஊரிலிருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு இருவரும் போனார்கள். பைக்கை நிறுத்தியதுமே செல்வன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"என்ன அத்தை, இவ்ளோ நாத்தம் அடிக்குது?"

அம்மா புஷ்பவள்ளி அவனை வியப்பாகப் பார்த்தாள். "நாத்தமா? முன்னாடி ஜாஸ்தியா இருந்துச்சு மாப்ள. இப்பல்லாம் ஒண்ணுமே இல்லீங்களே."

வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பக்கிரியும் நிமிர்ந்தார். "ஆமாங்க தம்பி. இந்தத் தெருவுல யாருக்குமே இப்ப வாடை அடிக்கிறதில்ல. சுத்தமா நின்னுபோச்சு."

அருள்மொழி விறுவிறுவென்று அருகில் போனாள். அம்மாவின் கொண்டையிலிருந்த மல்லிச்சரத்தை உருவி அவள் மூக்கருகே பிடித்தாள்.

"இது வாசம் வருதாம்மா?"

புஷ்பவள்ளி மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பிறகு மகளின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.