காப்பிக்களத்தில் அம்மா

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அது எந்த வீடு என்று அந்த ஊர்ப் பெட்டிக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்துவிடும். அவ்வளவு சிறிய ஊர். சுரம் என்று சொல்கிற வயநாட்டு மலைப்பாதையில் ஏறி, இன்னொரு பஸ் பிடித்துப் போக வேண்டிய மலையூர் என்பது போதும். ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிவாசல், ஒரு மாரியம்மன் கோவில், மிச்சமெல்லாம் காப்பித் தோட்டம். மலை பார்க்கப் போகிறேன் என்று மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவின் ஸ்வெட்டரையும் கடன் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். எனக்கு ஒன்பது வயது. கிறிஸ்துமஸ் லீவு.

அம்மா போனது மலை பார்க்க அல்ல. தன் தங்கையை, அதாவது என் சித்தியை, முதல் பிரசவத்துக்கு அழைத்து வர. அவர்களைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் சித்திக்கு அம்மாதான் தாய்வீடு. ஏழாம் மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. எட்டாம் மாதத்தில் அழைக்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஒன்பதாம் மாதம் அந்தச் சுரத்தில் பஸ்ஸில் இறக்க யாருக்குத் தைரியம் வரும்? அம்மாவுக்குக் கிடைத்த லீவு ஐந்தே நாள். பையில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கி வைத்துக்கொண்டு, "கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். தோப்பும்படி ஹார்பரில் மீன்பெட்டி தூக்குகிற அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

ரயிலில் எனக்குப் பாடம் நடந்தது.

"யாராச்சும் கேட்டா, அம்மாவுக்கு கார்ப்பரேஷன்ல வேலைன்னு சொல்லு. மதி. அதுக்கு மேல வாயைத் தெறந்தே, பல்லைக் கழட்டிடுவேன்."

அது பொய் இல்லை, பாதி உண்மை. அம்மா கார்ப்பரேஷனில் தெரு பெருக்குகிறவள். கல்யாணத் தரகர் சித்தியின் புகுந்த வீட்டில் 'அக்காளுக்கு கார்ப்பரேஷன் உத்தியோகம்' என்று சொல்லி நிறுத்திவிட்டார்; அவர்களாகவே அதற்கு ஒரு நாற்காலியும் மேலே ஒரு ஃபேனும் போட்டுக்கொண்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாது. பெருமையை வெளியே சொன்னால் கண்ணு படும், அதனால்தான் அம்மா அடக்கி வாசிக்கச் சொல்கிறாள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். பெருமைதான், பின்னே? விடிவதற்கு முன் மிளகும் சுக்கும் மணக்கும் பஜார் தெருவில் நீளக் கம்பு போட்ட துடைப்பத்தோடு அம்மா இறங்கினால், வெயில் வரும்போது அந்தத் தெரு பளிச்சென்று கிடக்கும். ஒரு தடவை அம்மாவுடன் போய்ப் பார்த்திருக்கிறேன். என் வகுப்பில் வேறு யாருடைய அம்மாவாலும் அது முடியாது.

சித்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மாமியார் சாயா கொடுத்து உபசரித்தார். அழைத்துப் போகிற பேச்சு வந்ததும் முகம் மாறியது.

"களத்துல காப்பி காஞ்சு கெடக்குது, பார்த்தீங்கல்ல? வேலைக்காரங்க எல்லாம் பண்டிகைக்குப் போயிட்டாங்க. மூட்டை கட்டாம மருமகளை எப்படி அனுப்பறது? அடுத்த மாசம் பார்க்கலாம்."

"எத்தனை நாள் வேலை அத்தே?"

"ரெண்டு நாள் இருக்கும்."

"அப்ப அவளுக்குப் பதிலா நான் செஞ்சு குடுக்கறேன். முடிஞ்சதும் அவ என்கூட வர்றா."

அம்மா கேட்கவில்லை, தகவல் சொன்னாள். மாமியார் மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து நீட்டினார்.

வீட்டின் முன்னால் சாணி மெழுகிய பெரிய களம். கறுத்துக் காய்ந்த காப்பிப் பழங்கள் அதில் பரப்பிக் கிடந்தன. காலால் தள்ளினால் கலகலவென்று சத்தம் போடும். காலையில் பரப்ப வேண்டும், மதியம் கிளறிவிட வேண்டும், பனி இறங்குவதற்குள் பெருக்கிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். பெருக்குகிற வேலையா! எனக்கு ஒரே கொண்டாட்டம். இப்போது பாருங்கள் என் அம்மாவை என்று படியில் வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா துடைப்பத்தைப் பிடித்த பிடியைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பத்து காயைத் தள்ளினால் எட்டு காய் பின்னால் ஓடுகிற மாதிரிப் பெருக்கினாள். நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஃபேனுக்குக் கீழ உக்காந்த கையில்ல! பாவம், எப்படி வரும்?"

அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சித்தியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ, ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜுரமில்லை. "போடி அந்தப் பக்கம்" என்றாள்.

மறுநாள் சாப்பாடு முடிந்த நேரத்தில், காலமில்லாத காலத்தில், மலைக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறி வந்தது. சித்தப்பா சாக்கு வாங்க டவுனுக்குப் போயிருந்தார். மூட்டை கட்ட வேண்டிய காப்பி முழுவதும் களத்தில் கிடந்தது; நனைந்தால் பூசணம் பிடித்துவிடும், ஒரு வருஷத்து உழைப்பும் போகும். மாமியார் பலகையால் இழுத்துக் குவித்தார். சித்தி நிறைமாதக்காரி மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு கூடையைத் தூக்க வந்தாள். அம்மா அப்போதும் அந்த இரண்டு விரல் பிடியை விடவில்லை. மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது.

"இப்படிப் பெருக்கினா பொங்கலுக்குத்தான் முடியும்! ஒரு தொடப்பம் பிடிக்கத் தெரியல, நீயெல்லாம் என்ன பொம்பளை?"

அவ்வளவுதான். பல்லாவது மண்ணாவது!

"எங்கம்மாவுக்கா தெரியாது?" என்று படியில் ஏறி நின்று கத்தினேன். "மட்டாஞ்சேரி பஜார் முழுக்க எங்கம்மாதான் பெருக்கறது! தெனமும்! அவங்க பெருக்கின தெருவுல சோறு போட்டுச் சாப்பிடலாம்னு சூப்பர்வைசர் சேட்டனே சொல்லியிருக்காரு!"

மாமியாரின் கையில் பலகை நின்றது. சித்தி தூணைப் பிடித்துக்கொண்டாள். முதல் தூறல் களத்தில் விழுந்தது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சித்தியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகினாள், துடைப்பத்தின் கம்பை நடுவில் பிடித்தாள், காலை அகட்டி வைத்தாள். அது எனக்குத் தெரிந்த அம்மா. சரக், சரக் என்று ஒரே சீராக, நிற்காமல், திரும்பாமல், களத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வந்தாள். காப்பி அவளுக்கு முன்னால் உருண்டு உருண்டு ஓடிக் குவிந்தது. தார்ப்பாயை இழுத்து மூடி, நாலு மூலையிலும் கல் வைத்து நிமிர்ந்த பிறகுதான் மழை கொட்டியது. ஒரு காய் நனையவில்லை. நான் கை தட்டினேன். கூடத் தட்ட யாரும் இல்லை.

"அப்ப இதுதான் அந்த உத்தியோகமா?" என்றார் மாமியார்.

"ஆமா அத்தே. பதினோரு வருஷமா."

முந்தின நாள் அம்மா அடுக்களையில் உட்கார்ந்து சாயா குடித்தாள். அன்று சாயாவை வாசலுக்கே கொண்டுவந்து, வேறு ஒரு கிளாஸில் ஊற்றி வைத்தார்கள். உபசாரம் கூடிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் எதுவும் கேட்காமலே மாமியார் சித்தியை அனுப்பிவிட்டார். அனுப்பியது எப்படி! சித்தியின் புடவைகள் எல்லாம் வைத்த இரும்புப் பெட்டி, பித்தளைக் குடம், வெண்கலப் பானை, தலையணை இரண்டு, கல்யாணத்தில் அம்மா சீராகக் கொடுத்த குத்துவிளக்கு வரைக்கும் ஜீப்பில் ஏற்றினார்கள். பிரசவத்துக்குப் போகிறவளுக்கு எதற்கு இத்தனை என்று கேட்கத் தோன்றவில்லை. எண்ணிக்கொண்டே வந்தேன், சிறிதும் பெரிதுமாக ஒன்பது உருப்படி. எவ்வளவு தாராள மனசு! சித்தப்பா பஸ்ஸின் மேலே சாமான் ஏற்றிக் கட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், பஸ் கிளம்புவதற்கு முன்பே போய்விட்டார். அவருக்குக் காப்பி மூட்டை கட்டுகிற அவசரம் என்றிருந்தேன்.

சுரத்தில் சித்தி அழுதுகொண்டே வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, வளைவில் தலை சுற்றுகிறது என்றாள் அம்மா. பிறகு பையைத் திறந்து வளையல்களை எடுத்தாள். மணையில்லை, சந்தனமில்லை, பாட்டுப் பாட ஆளில்லை. பஸ் ஒவ்வொரு வளைவிலும் சாய, குத்துவிளக்கை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, சித்தியின் கையைப் பிடித்து ஒவ்வொரு வளையலாக ஏற்றினாள். சித்தி கையை இழுத்தாள். அம்மா விடவில்லை. "கையை நீட்டுடி" என்றாள், "என் தங்கச்சிக்கு நான் போடறேன். யார் கேக்கறது?" சுரம் இறங்கி முடிவதற்குள் இரண்டு டஜனும் ஏறிவிட்டது.

சித்தி அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. மகள் மட்டாஞ்சேரியில் பிறந்து, எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். நான் பேசாமல் இருந்திருந்தால் என்று ஒரு நாளாவது அம்மாவோ சித்தியோ சொல்லிக் காட்டியதில்லை. ஏதோ மனஸ்தாபம் என்று மட்டும் சொல்வார்கள். ரொம்ப வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சித்திதான் எனக்குப் பூ வைத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்ததும், சாயா வருவதற்கு முன்பே, அம்மா நடுக்கூடத்தில் வந்து நின்றாள்.

"நான் கார்ப்பரேஷன்ல தெரு பெருக்கற வேலை. அதைக் கேட்டுக்கிட்டு அப்புறமா சாயா குடிங்க."

கதவுக்குப் பின்னால், என் தோளில் இருந்த சித்தியின் கை இறுகியது. அந்த நிமிஷத்தில்தான் களமும் மழையும் ஒன்பது உருப்படியும் எனக்குப் புரிந்தன.

அன்றைக்கு, வளையல் எல்லாம் போட்டு முடிந்ததும், பஸ்ஸில் அம்மாவைக் கேட்டேன்: "நான் சொன்னதாலதானேம்மா சித்தியை அனுப்பிட்டாங்க?"

அம்மா குத்துவிளக்கைக் கீழே வைத்தாள். "ஆமாண்டி. நீ சொன்னதாலதான்" என்று என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சந்து முழுக்கச் சொன்னேன்.