எனக்கு வந்தது தட்டம்மை இல்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் நான் நர்ஸாக இருந்தபோது நடந்தது இது. ஊழியர்கள் எல்லோருக்கும் தட்டம்மைக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பொறுப்பு, என்னைவிடப் பத்து வயது சிறியவளான ஒரு சிஸ்டரிடம் இருந்தது. சாணார்பட்டிப் பக்கத்துப் பெண்.

நான் பிடிகொடுக்கவில்லை. சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டு, வேப்பிலை விரித்துப் படுக்க வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒருமுறை வந்தால் மறுபடி வராதே. மூன்றாவது முறை அவள் வந்து நின்றபோது, எல்லார் முன்னாலும், "பதினைஞ்சு வருஷ சர்வீஸ் எனக்கு. நீ சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நகரவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "அக்கா, குழந்தைக்கு ட்ரீட்மென்ட் எடுக்குறீங்கல்ல. எதிர்ப்பு சக்தி இல்லேன்னா தடுப்பூசி போடணும், உண்டான பெறகு அதப் போட முடியாது. செத்த நேரம் கைய நீட்டுங்க" என்றாள்.

நீட்டினேன். எதிர்ப்பு சக்தி இல்லை என்று முடிவு வந்தது. அம்மாவிடம் கேட்டால், "ஒனக்கு நீர் கோத்த கொப்புளமால்ல போட்டிருந்துச்சு" என்கிறார். அது சின்னம்மை. ஒரு மாத இடைவெளியில் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டுக்கொண்டேன். ஊசி போட்டுச் சில மாதங்கள் கழித்து, கல்யாணமாகி ஒன்பதாவது வருடம், உண்டானேன்.

நான்காம் மாதம், நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் ஒரு தம்பதி, காய்ச்சலும் இருமலுமாக இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். நான் மடியில் வைத்துப் பிடித்திருந்தபோது என் முகத்திலேயே இருமியது. மறுநாள் அதன் உடம்பெங்கும் தடிப்பு. டாக்டர் தட்டம்மை என்றார். நேரே அந்தச் சிஸ்டரிடம்தான் போனேன்.

அவள் ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினாள். "ரெண்டு ஊசியும் போட்டாச்சுக்கா. எதுக்கும் டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருவோம், வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். தொற்றியிருந்தால் தெரிந்துவிடும் என்ற அந்த மூன்று வாரமும் தினம் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்தப் பிள்ளையும் தேறி வீடு போனது.

"அன்னைக்கு அப்படிப் பேசிட்டேன்" என்று ஒருநாள் மெல்ல ஆரம்பித்தேன். "அதுக்கென்னக்கா, அம்புட்டுத்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டாள்.

மகள் தூங்கும்போது பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று நான் திட்டியதும் அந்தச் சிஸ்டர் திரும்பிப் போயிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகாமல் நின்றாளே, அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.