உப்புத் தண்ணீர்க் குப்பி

திருவனந்தபுரத்தில் நான் கம்பவுண்டராக இருந்தபோது மேகநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ள ஒருவர் வாராவாரம் வருவார். கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், ஒல்லியான மனிதர், உதட்டோரம் ஆறாத புண். உள்ளே வருமுன் கிணற்றடியில் நின்று, கையோடு கொண்டுவந்த குப்பியிலிருந்து உப்புத் தண்ணீரை ஊற்றி வாய் கொப்பளிப்பார்.

மழைக்காலத்தில் ஒருநாள் மனைவியையும் அழைத்துவந்தார். அவளுக்கும் அதே புண், வெளியில் சொல்ல முடியாத இடத்தில்.

"பார்யயோடு சேரான் பாடில்ல, சேரவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா, சாமி?" என்று கத்திவிட்டேன்.

"சேரலையே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வாயோட நிறுத்திண்டோம். அதுவும் நன்னா கொப்பளிச்சப்பறந்தான்."

டாக்டர் கூச்சப்பட்டுச் சொன்ன ஒற்றைச் சொல்லை இருவரும் அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறார்கள்! உதட்டுப் புண் பட்டாலே ஒட்டும் என்றேன்.

"கொப்பளிச்சாலுமா?" அதுவரை பேசாதிருந்த அவள் கேட்டாள்.

"கொப்பளிச்சாலும்தான், அம்மா."

அடுத்த வாரமும் கிணற்றடியில் அந்தச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஒரே குப்பியை மாற்றி மாற்றி வாங்கி இருவரும் கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே திரும்பி இருவருக்குமாக ஊசி மருந்தை எடுத்து வைத்தேன்.