பேணிக்குள் வைத்த கடிதம்

பக்கத்து வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகக் கடிதத்தை நீட்டியபோது பூச்சி உருண்டை மணத்தது.

"துலைஞ்சு போகுமெண்டு அப்பா அலுமாரிக்குள்ள வச்சவர், ரீச்சர். இண்டைக்குத்தான் தந்தவர்."

எங்கள் அப்பாவின் பிஸ்கற் தகரப் பேணியிலும் இதே மணம்தான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்கக் காணியில் குடியேறியவர் அவர். அரசாங்க முத்திரையோடு ஆங்கிலத்தில் எது வந்தாலும் அவருக்கு அது காணிக் கடிதம். உடனே பேணிக்குள் போய்விடும். அப்படி ஒன்று வந்ததை எங்களுக்குச் சொல்லக்கூட இல்லை. தனக்கு இடம் கிடைக்கவில்லை என்று நினைத்து அண்ணா வயலில் இறங்கிவிட்டான்.

அறுவடைக்குப் பிறகு காணிக் கடிதங்களைப் பார்க்கக் காணிக் கந்தோர் அதிகாரி ஐயா வந்தார். அப்பா பேணியைத் திறந்து கொடுத்தார்.

"இது உம்மட மகனுக்குப் பல்கலைக்கழகத்தில இடம் கிடைச்ச கடிதம். சேர வேண்டிய நாள் எப்பவோ முடிஞ்சுது."

"பத்திரமாத்தானே ஐயா வச்சிருந்தனான்," என்றார் அப்பா.

அண்ணா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். அப்பா கடிதத்தை மடித்துத் திரும்பவும் பேணிக்குள் வைத்தார்.

பிள்ளையின் கடிதத்தில் தேதியைப் பார்த்தேன். சேர நாளைதான் கடைசி நாள்.

"அலுமாரியில வைக்கவோ இதை அனுப்பினவங்கள்?" என்று கத்தினேன். பிள்ளை பயந்துபோனாள்.

அண்ணா அன்று அப்பாவிடம் கேட்காததை இவளிடம் கேட்டுவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு நடந்தேன்.