இருள் தலைவாசல்

மரத்தில் ‘இருள்’ என்று ஒரு சாதி உண்டு. அது மலையாளத்துப் பேர். குமுளி ஏறிப் போனால் மர மில்லில் அடுக்கி வைத்திருப்பார்கள். தேக்கைவிடக் கனம். செங்காவி நிறத்தில் இருக்கும், நாளாக நாளாக நிறம் கூடும். ஆணியை அப்படியே அடித்தால் ஆணிதான் வளையும். முதலில் ட்ரில் போட்டுத் துளைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் போட்டால் வெடித்துவிடும், நிழலில்தான் ஆறவிட வேண்டும். இவ்வளவு பிடிவாதத்துக்கும் ஒரு பலன் இருக்கிறது. கரையான் அதன் பக்கம் வராது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். கூடலூரில் தகரக் கொட்டகை போட்டு மர வேலை செய்கிறேன். அதற்கு முன்னால் பல வருஷம் அடுத்தவர் பட்டறையில் கூலிக்கு இழைத்தேன். எனக்குப் பேச்சு வராது. கடைக்குப் போய் நின்றால், எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் நான் என்ன வேண்டும் என்று சொல்வேன். அப்படிப்பட்டவனை நம்பி முதல் தலைவாசல் வேலையைக் கொடுத்தவர் திராட்சைத் தோட்டத்து அக்கா ஒருவர். பழைய வீட்டு வாசல் நிலையைக் கரையான் தின்று, ஒருநாள் கதவைத் திறந்தபோது கதவு கையோடு வந்துவிட்டதாம். அந்த வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

“மரத்தப் பத்தி எனக்கு என்னா தெரியும் தம்பி? கரையானுக்குப் பல்லு ஒடையணும், அம்புட்டுத்தான்” என்றார்.

குமுளி மில்காரரிடம் கரையான் என்று மட்டும் சொன்னேன். “எங்கில் இருள் எடுத்தோ சேட்டா. சிதல் தொடில்ல” என்று ஒரு கட்டையைத் தட்டிக் காட்டினார். சிதல் என்றால் அவர்கள் பாஷையில் கரையான். எடுத்து வந்தேன்.

இழைக்க இழைக்க உளி மழுங்கியது. தீட்டுவதும் இழைப்பதுமாக இருந்தேன். இந்த நிலை நின்றால் தெருவில் போகிறவர்கள் பார்த்து நாலு வேலை வரும். நிற்காவிட்டால் பழைய பட்டறையில் போய்த்தான் கூலிக்கு நிற்க வேண்டும். அந்தப் பயத்திலேயே மூலைகளை முடி நுழையாதபடி சேர்த்தேன்.

சன்னலுக்கெல்லாம் வேம்பு. வண்டியில் ஏற்றும்போது எது எங்கே என்று குழம்பக் கூடாது என்று, சுவரோடு ஒட்டும் பக்கத்தில் சாக்பீஸால் எழுதினேன். ‘வேம்பு சன்னல்.’ ‘இருள் தலைவாசல்.’

நிலை வைக்கிற காலை, குட்டியானை வண்டியில் கொண்டுபோய் இறக்கினோம். அக்கா நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டிருந்தார். தேவாரத்திலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் நிலையைச் சுற்றி வந்து பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

“என்னத்தா இது, இருள் தலைவாசல்னு எழுதிக் கெடக்கு?”

எல்லாரும் திரும்பினார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

“ஏப்பா, வெளக்கேத்துற வாசல்ல இருட்டுன்னு எழுதி வச்சிருக்கியே, செய்வினை கிய்வினை வைக்க வந்தியா?”

மரத்தின் பேர் என்று சொன்னேன். என் காதுக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற கொத்தனார்தான், “மரத்துப் பேராம்ணே, மலையாளத்து மரமாம்” என்று சத்தமாகச் சொன்னார்.

“பேரே இருளா? அப்ப ரொம்ப மோசம். எடுத்துட்டுப் போகச் சொல்லு. தேவாரத்துல தேக்கு நெல ஒண்ணு கெடக்கு, மத்தியானத்துக்குள்ள எறக்கிர்றேன்.”

“திரும்ப ஏத்தணும்னா இப்பவே சொல்லுங்கப்பா, எனக்குக் கம்பத்துல லோடு இருக்கு” என்றார் வண்டிக்காரர். நான் கயிற்றை எடுக்கக் குனிந்தேன்.

அக்கா எழுந்து வந்தார். தேங்காய் உடைக்க வைத்திருந்த அரிவாளின் முதுகால் நிலைக்காலைத் தட்டினார். கணீர் என்றது. இன்னொரு முறை தட்டினார்.

“ஏண்ணே, நம்ம குலசாமி யாரு?”

“கருப்பு. இதென்ன கேள்வி?”

“அவுக எங்கன நிக்கிறாக?”

“ஊரு எல்லையில, காவலுக்கு.”

“காவலுக்கு எப்பக் கெளம்புறாக, பகல்லயா?”

“ராத்திரியிலதான்” என்று அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“கருப்பே இருட்டுலதான் நம்மளக் காக்குறாக. இங்கன ஒரு இருள் நின்னா என்னாவாம்? ஒன் தேக்க நீயே வச்சுக்க. ஒன் வீட்டுக் கதவுல ஏறுன கரையான் புத்துக்குப் பால் ஊத்தாத கொறதான்!”

கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அண்ணனுக்கும் அடக்க முடியவில்லை. “வாயப் பாரு, வாய! தூக்குங்கப்பா” என்று அவரே ஒரு பக்கம் கை கொடுத்தார். தூக்கியதும், “யாத்தே, என்னா கனம்! கருப்பு ஏறி உக்காந்துக்கிட்டாக போலயே” என்றார்.

ஈரத் துணியால் சாக்பீஸ் எழுத்தைத் துடைக்கப் போனேன். “கெடக்கட்டும் தம்பி. எழுத்து நல்லாத்தான் இருக்கு” என்றார் அக்கா. என் எழுத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. அது சுவருக்குள் போயிற்று. மேலே கலவை பூசினார்கள்.

அந்தத் தெருவிலிருந்தே அடுத்தடுத்து வேலை வந்தது. வருகிறவர்கள் “அந்த அக்கா வீட்டுல நிக்கிதே, கருப்பு மரம், அதுல செஞ்சு குடுங்க” என்றார்கள். இருளுக்கு எங்கள் ஊரில் பேர் மாறிவிட்டது. குமுளியில் போய் நானும் வாய் தவறிக் கருப்பு மரம் என்று கேட்க, மில்காரர் “அது ஏது மரம்?” என்று விழித்தார்.

இப்போதும் சிலர் கட்டையைப் பார்த்துவிட்டு, “கருப்புன்னாக, செவப்பா இருக்கே?” என்று சந்தேகமாகக் கேட்கிறார்கள். எனக்கு விளக்கிச் சொல்ல வராது. திராட்சைத் தோட்டத்து அக்கா வீட்டுக்குக் கையைக் காட்டி விடுகிறேன். அவர் அரிவாளை எடுத்து நிலையைத் தட்டிக் காட்டி, அண்ணனிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொல்லி அனுப்புவார். திரும்பி வருகிறவர்கள் தங்கள் வாசல் அளவைச் சொல்லிக்கொண்டேதான் வருவார்கள்.