இடக்கைக் கம்பி

என் வீட்டுக்காரர் பழைய கார்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற மெக்கானிக். பொறுமைசாலி என்று ஊரில் பேர். அந்தப் பொறுமை முழுவதும் கார்களுக்கே செலவாகிவிடும். மனிதர்கள் என்று வரும்போது கையிருப்பு இருக்காது. இருபத்திரண்டு வருஷமாக அனுபவிக்கிறேன், சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவருடைய தம்பியும் அதே ஷெட்டில்தான் இருந்தான். எது உடைந்தாலும் துண்டுக் கம்பியை முறுக்கிக் கட்டிவிடுவான். அதனால் பேரே கம்பி. இடக்கைக்காரன், முறுக்கும் எல்லோரையும் போல இல்லாமல் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். ஒருமுறை அவன் கட்டிய கம்பியின் நுனி அண்ணன் விரலைக் கிழித்துவிட்டது. நாலு தையல். அன்றிலிருந்து முறுக்கி முடித்ததும் நுனியைச் சின்ன வளையமாக மடித்துவிடுவான், அடுத்துக் கை வைப்பவருக்குக் குத்தக்கூடாதென்று.

ஆறு வருஷத்துக்கு முன்னால், வண்டி கொடுத்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் கத்தினார். "கம்பி கட்டுறவனுக்கு இங்க வேலை இல்லடா." மறுநாள் காலை கொழுந்தனைக் காணோம். கம்பி கம்பி நீட்டிட்டான் என்று தெருவே சிரித்தது. ஒரு வாரத்தில் வந்துவிடுவான் என்ற தைரியத்தில் நானும் சிரித்தேன்.

வரவில்லை. இவர் தேடாத இடமில்லை. வேறு ஆளும் வைத்துக்கொள்ளவில்லை. அவனுடைய கட்டிங் பிளேயரை இன்றைக்கும் பலகையின் இடப்பக்க ஆணியில்தான் மாட்டுகிறார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். வேலியிலோ போர்டிலோ கம்பி முடிச்சைக் கண்டால் நடுரோட்டில் குனிந்து நிற்பார், நான் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டும். "அண்ணி, டீ" என்ற அந்தக் குரலுக்கு எனக்கும் ஏக்கம்தான். சொன்னால் இவர் உடைந்துபோவார் என்று சொல்வதில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பல் டாக்டர், புதிதாக வாங்கிய பழைய நீலக் காரில் வந்தார். ரெட்டைக் கார்புரேட்டர் வண்டி. அவர் ஓட்டி வந்தார் என்பதைவிட, அது அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது என்று சொல்லலாம்.

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலும் ரேஸ் ஆயிக்கிட்டே இருக்குங்க. சிக்னல்ல உயிரே போயிடுச்சு."

இவர் பெடலைப் பார்த்தார். கேபிளைக் கழற்றி இழுத்தார், வழுக்கிக்கொண்டு வந்தது. முன் கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் மூடியைத் திறந்துவிட்டார், டக்கென்று மூடிக்கொண்டது. பின் கார்புரேட்டருடையது பாதியில் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தார். த்ராட்டிலை மூடவைக்கும் ஸ்பிரிங்கின் கொக்கி உடைந்து, அதைக் கம்பியால் கட்டியிருந்தது. கம்பியின் நுனிதான் லீவரில் மாட்டிக்கொண்டிருந்தது. சின்ன வளையமாக மடித்த நுனி. முறுக்கு எதிர்ப்பக்கம். துருகூடப் பிடிக்காத புதுக்கம்பி.

நான் சாப்பாடு கொண்டுபோனபோது இவர் பானெட்டுக்குள் தலையை விட்டபடி அசையாமல் நின்றிருந்தார்.

"இதை யாருங்க கட்டுனது?" என்று அப்படியே கேட்டார்.

"வர்ற வழியில, ஆத்துப் பாலத்துக்கிட்ட ஒரு ஷெட்டுல," என்றார் பல் டாக்டர். "எந்த ஊருக்குப் போறீங்கன்னு கேட்டுட்டு, அவரே உங்க விலாசத்தை எழுதிக் கொடுத்தாரு. இது ரொம்ப நாள் தாங்காது, இவருகிட்ட காட்டுங்க, கம்பியப் பாத்ததும் திட்டுவாரு, கொஞ்சம் வாங்கிக்கங்கன்னு சொன்னாரு. நீங்க இன்னும் திட்டவே இல்லையே."

இவர் பிளேயரை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார். கம்பியை வெட்டினால் ஒரு நிமிஷ வேலை. கடைசியில் ஸ்பிரிங்கைத்தான் வெட்டினார். முடிச்சுக் கலையாமல் கம்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கார்புரேட்டருக்கும் புது ஸ்பிரிங் மாட்டினார். காலை எடுத்ததும் வண்டி சாதுவாக அடங்கியது. எனக்குத்தான் அடங்கவில்லை, சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் அந்தக் கம்பி. ஆறு வருஷ ஏக்கம், இந்த மனுஷனுக்குப் பேச வாய் வருமா என்று எனக்குப் பயம்.

"அவனைப் பாத்ததும் என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

குனிந்து செருப்பை மாட்டினார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"திட்டணும்ல. அதுக்குத்தானே வண்டிய அனுப்பியிருக்கான்."